பாலைவனத்தில் ஒரு சவேரியார் கோயில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டி அமைந்துள்ளது அரிஸோனா மாநிலம். கள்ளியும் முட்புதரும் மண்டிய வறண்ட நிலம் அது. அங்கே டூசான் என்னும் நகரின் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், மரம் செறியாத ஒரு வெளியில் வெள்ளை வெளேரென்று ஒரு பழைய மாதிரிக் கோயில் தோன்றும். காலை வெயிலில் அதன் சுவர்கள் கண்ணைப் பறிக்கும். அமெரிக்க மக்கள் அதனைப் 'பாலைவனத்து வெண்புறா' என்று செல்லமாக அழைக்கின்றனர். அதன் முறையான பெயர் 'சான் ஸவியேர் தெல் பாக்'. தமிழில் சொல்வதானால், 'பாக் என்னும் ஊரின் புனித சவேரியார் கோயில்' என்பதாம்.

ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் அமெரிக்கக் கண்டத்தில் எழுந்த மிஷன் கோயில்கள் பல. அவற்றுள் பல இன்று இடிபாடுகளாகவும் காட்சிசாலைகளாகவும் மாறிவிட்டன. கி.பி. 1797-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற இந்தக் கோயிலோ இன்றும் வழிபாடு நடைபெறும் கோயிலாகவே விளங்குகிறது. எந்த மக்களுக்காக எழுப்பப்பட்டதோ, அந்த ஓதாம் குடிமக்களின் சந்ததியாரே இன்றும் அங்கே வந்து மண்டியிடுகின்றனர்.

இக்கோயிலைப் பற்றி எழுதிய பலரும் 'ஸ்பானியர் கட்டிய கோயில்' என்று ஒரு சொல்லில் கூறிவிடுவர். அது பாதி உண்மையே. திட்டமிட்டவர் ஸ்பானியப் பாதிரிமார் என்பது மெய். ஆனால், யாருடைய நிலத்தின் விளைச்சலை ஈடுகாட்டிக் கடன் வாங்கினார்கள், யாருடைய கைகள் உழைத்தன, ஆட்சிகள் மாறியபோது கோயில் பொருள்களைக் காத்தவர் யார் என்று கேட்டுக்கொண்டு போனால், வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகிறது. அந்த முகத்தைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் வந்த வழி

அரிஸோனாவின் பாலைவனத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பெயரிலேயே ஒரு தொடர்பு இருக்கிறது. ஸ்பெயின் நாட்டை அடுத்த நவார் அரசில் 1506-ஆம் ஆண்டில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார், 1542-இல் கோவாவுக்கு வந்து, அவ்வாண்டின் இறுதியிலேயே தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்குச் சென்றார். தூத்துக்குடி, மணப்பாடு முதலிய கடற்கரை ஊர்களில் பரதவ மக்களிடையே பணியாற்றினார். தமிழறிந்தோர் துணைகொண்டு மந்திரங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்து, ஊரூராகச் சொல்லிக் கொடுத்தவர் அவர். 1545-ஆம் ஆண்டில் மலாக்காவுக்கு வந்தார். பின்னர் ஜப்பான் வரை சென்று, சீனாவுக்குள் நுழையும் ஆவல் நிறைவேறாமலே 1552-இல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் உயிர் நீத்தார். அவருடைய உடல் 1553-இல் மலாக்காவுக்குக் கொண்டு வரப்பட்டுச் சில மாதங்கள் செயின்ட் பால் குன்றின் மேலுள்ள கோயிலில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பிறகே கோவாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அந்த வெற்றுக் கல்லறையை மலாக்காவுக்குச் செல்வோர் இன்றும் காணலாம்.

சவேரியார் மறைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின், இத்தாலிய ஆல்ப்ஸ் மலைப் பகுதியில், டிரென்ட் நகரை அடுத்த செக்னோ என்னும் சிற்றூரில், 1645-இல் யூசேபியோ கீனோ பிறந்தார். இளமையில் கடும் நோயுற்ற அவர், பிழைத்தால் சவேரியாரைப் போலத் துறவு பூண்டு தொலைநாடு செல்வதாக நேர்ந்துகொண்டார். பிழைத்தெழுந்ததும் தம் பெயரோடு 'பிரான்சிஸ்கோ' என்னும் பெயரையும் சேர்த்துக்கொண்டு இயேசு சபையிற் சேர்ந்தார். சவேரியாரின் அடியொற்றிக் கீழ்த்திசைக்கு, சிறப்பாகச் சீனாவுக்கு, வரவேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆனால் ஒருவர் பிலிப்பைன்ஸ் பக்கமும் மற்றொருவர் மெக்சிகோவுக்கும் செல்ல வேண்டும் என்று சபை முடிவு செய்தபோது, அவரும் நண்பர் ஒருவரும் சீட்டுக் குலுக்கினர். கீனோவுக்கு விழுந்தது மெக்சிகோச் சீட்டு. கீழ்த்திசைக்கு வர முடியாத அந்தத் துறவி, தம் உள்ளத்தில் இருந்த சவேரியாரின் பெயரை மேற்றிசைப் பாலைவனத்து ஊர் ஒன்றுக்கு இட்டார். பாக் என்னும் ஊர் 'சான் ஸவியேர் தெல் பாக்' ஆனது இவ்வாறே.

நீர் இருந்த ஊர்

'பாக்' என்பது ஸ்பானியர் நாவில் திரிந்த வடிவம். ஊர் மக்கள் மொழியில் அது 'வாக்'. நீரோடு தொடர்புடைய பெயர் அது. மணலுக்கடியில் ஓடிவந்த சாந்தா குரூஸ் ஆற்று நீர் அவ்விடத்தில் மேலே தலைகாட்டியதால் அப்பெயர் அமைந்தது என்பர். பாலைவனத்தில் நீர் தோன்றுமிடம் என்றால், அங்கே மக்கள் நெடுங்காலமாகக் குடியிருந்தனர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மக்காச்சோளம், அவரை இனங்கள், பூசணி ஆகியவற்றை வாய்க்கால் வெட்டிப் பயிரிட்டு வாழ்ந்தனர் அம்மக்கள். ஓதாம் இனத்தின் ஒரு பிரிவினராகிய அவர்களைச் சோபைப்பூரி என்று ஸ்பானியர் குறித்தனர்.

1692-ஆம் ஆண்டில் கீனோ பாதிரியார் முதன்முறையாக இவ்வூருக்கு வந்தபோது, எண்ணூறு பேருக்கு மேல் அங்கு வாழ்ந்ததாக எழுதி வைத்தார். அந்த வட்டாரத்தில் அது பெரிய ஊர். கீனோ வந்தது வெறுங்கையோடு அல்ல. கால்நடைகளையும் கோதுமை விதையையும் கொண்டு வந்தார். அதுவரை அம்மக்களின் பயிர்கள் யாவும் கோடைப் பயிர்கள். கோதுமையோ குளிர்காலத்தில் விளைவது. ஆண்டில் பசி மிகுந்த பருவத்தில் அறுவடைக்கு வந்த அப்புதிய தானியத்தை மக்கள் விரும்பி ஏற்றனர். இந்தக் கோதுமையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் கோயில் எழுந்தது இதனை நம்பித்தான்.

1700-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், பெரிய கோயில் ஒன்றுக்குக் கீனோ அடித்தளமிட்டார். ஊரார் பலரும் திரண்டு வந்து கல் சுமந்து உதவியதை அவரே குறித்துள்ளார். எனினும் அக்கோயில் எழும்பவில்லை. 1711-இல் மக்தலேனா என்னும் ஊரில் கீனோ மறைந்தார். எல்லைப்புறத்துக்கு வரத் துணிந்த பாதிரிமார் மிகச் சிலர். வந்தவரும் நிலைத்து இருந்தாரல்லர்.

துன்பம் நிறைந்த இடைக்காலம்

மிஷன் வரலாற்றை எழுதுவோர் சிலர் இடையில் வரும் ஓர் அரை நூற்றாண்டை விரைந்து தாண்டிவிடுவர். அது நேர்மையாகாது. ஐரோப்பியர் வந்தபோது அவர்களோடு அம்மை முதலான நோய்களும் வந்தன. அவற்றை முன்பின் அறியாத அம்மக்களின் உடல்கள் தாக்குப் பிடிக்கவில்லை. சிதறிக் கிடந்த சிற்றூர் மக்களை மிஷன் அருகில் ஒன்றாகக் குடியேற்றியது நோய் பரவ மேலும் வழி செய்தது. சாவால் குறைந்த குடும்பங்களுக்கு ஈடாகப் பாலைவனத்து உட்பகுதியிலிருந்து வேறு ஓதாம் மக்கள் வந்து பாக் ஊரில் குடியேறினர். இன்று அவ்வூரில் வாழ்வோர் பெரும்பாலும் அவ்வாறு கலந்த குடிகளின் வழிவந்தவர்களே.

உழைப்பையும் ஒழுங்கையும் வற்புறுத்திய மிஷன் ஆட்சியும், நிலத்தையும் சுரங்கத்தையும் நாடி வந்த ஸ்பானியக் குடியேறிகளின் நடத்தையும் மக்கள் உள்ளத்தில் கனன்றுகொண்டிருந்தன. 1751-ஆம் ஆண்டு நவம்பரில் லூயிஸ் என்னும் ஓதாம் தலைவர் ஒருவரின் கீழ்ப் பெருங்கிளர்ச்சி மூண்டது. நூற்றுக்கு மேற்பட்ட ஸ்பானியரும் அவர்களைச் சார்ந்தோரும் உயிரிழந்தனர். பாக் மிஷனும் சூறையாடப்பட்டது. அடுத்த ஆண்டே ஸ்பானியர் அருகிலுள்ள தூபாக் என்னுமிடத்தில் கோட்டை அமைத்தனர். 1756-இல் இங்கு வந்த எஸ்பினோசா என்னும் பாதிரியார் பச்சைச் செங்கல்லால் ஒரு கோயில் கட்டினார். இவ்வூரின் முதல் முழுமையான கோயில் அதுவே.

1767-ஆம் ஆண்டில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ், தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகள் அனைத்திலிருந்தும் இயேசு சபையாரை வெளியேற்றினார். அவர்கள் விட்டுச் சென்ற மிஷன்களைப் பிரான்சிஸ்கன் சபையார் ஏற்றனர். 1768-இல் பாக் ஊருக்கு வந்த பிரான்சிஸ்கோ கார்சேஸ், பாலைவனத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து பயணம் செய்த துணிவுள்ள துறவி. 1781-இல் யூமா மக்களின் எழுச்சியில் கொல்லப்பட்டார். அப்பாச்சிகளின் தாக்குதல்களோ ஓய்ந்தபாடில்லை. இத்தகைய காலத்தில், இத்தகைய இடத்தில், ஒரு பெருங்கோயில் எழுந்தது என்பது வியப்புக்குரியதன்றோ?

ஏழாயிரம் பேசோக் கடன்

1783-ஆம் ஆண்டில் ஹுவான் பாப்டிஸ்டா வெல்டெர்ரைன் என்னும் பிரான்சிஸ்கன் துறவி கட்டட வேலையைத் தொடங்கினார். கையில் பணம் இல்லை. அந்தோனியோ எர்ரேரோஸ் என்னும் பண்ணையாரிடம் 7,000 பேசோ கடன் வாங்கினார். அதற்கு ஈடு என்ன? பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. இனிமேல் விளையப்போகும் மிஷன் கோதுமைதான் ஈடு! ஓதாம் உழவர் இன்னும் விதைக்காத வயல்களின் விளைச்சலை நம்பி எழுந்த சுவர்கள் இவை. வெல்டெர்ரைன் 1790-இல் காலமானார். அவருக்குப் பின் வந்த ஹுவான் பாப்டிஸ்டா யோரென்ஸ் என்பவர் வேலையைத் தொடர்ந்து நடத்தி 1797-இல் முடித்தார். உள்ளே கதவு ஒன்றின் மேல் பேத்ரோ போஹோர்க்கெஸ் என்னும் பெயரும் 1797 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. தலைமைக் கொத்தர் இக்னாசியோ காவோனா என்பது மரபு வழிச் செய்தி.

1804-ஆம் ஆண்டில் டூசான் கோட்டையின் தலைவராயிருந்த சூனிகா என்பவர் தம் அறிக்கையில் இக்கோயிலுக்கு ஆன செலவை 40,000 பேசோ என்று மதிப்பிட்டார். நாட்டின் கடைக்கோடியில் இவ்வளவு அழகான கோயில் எதற்கு என்ற வினாவுக்கும் அவரே விடை கூறினார். ஊரிலுள்ள கிறித்துவர்களைக் கூட்டி வைப்பதற்கு மட்டுமின்றி, எல்லைக்கு அப்பாலுள்ள பிற மக்களைத் தன் எழிலால் ஈர்ப்பதற்கும் இது எழுப்பப்பட்டது என்பது அவர் கருத்து. வாங்கிய கடன் 7,000. மதிப்பிட்ட செலவு 40,000. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள பெரும் இடைவெளியை மிஷன் வயல்களின் விளைவும், மந்தைகளும், பதினான்கு ஆண்டுகள் மண் குழைத்துச் சூளை மூட்டிய கைகளுமே நிரப்பியிருக்க வேண்டும். அந்தக் கைகளின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

கட்டட அமைப்பு

பாலைவனத்தில் நீண்ட உத்திரம் கிடைக்காது. அங்கே விளையும் மெஸ்கீட் மரம், தமிழ்நாட்டில் சீமைக் கருவேலம் எனப்படும் மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. வைரம் பாய்ந்த மரமே ஆயினும், வளைந்து நெளிந்து குட்டையாக வளர்வது. கதவுக்கு ஆகும், அகன்ற கூடத்தின் கூரைக்கு ஆகாது. ஆகவே கூரை முழுவதையும் சுட்ட செங்கல்லாலேயே வளைவுகளாகவும் குவிமாடங்களாகவும் அமைத்தனர். சுவர்களின் இருபுறமும் செங்கல் முகம் கட்டி, நடுவில் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி நிரப்பினர். இவ்வாறு எழுந்த தடித்த சுவர்கள் கூரையின் பாரத்தைத் தாங்குவதோடு, வெளியே நெருப்பாய்க் கொளுத்தும் வெயில் உள்ளே தாக்காமலும் காக்கின்றன.

கோயிலின் தரை அமைப்பு சிலுவை வடிவமானது. சிலுவையின் நீண்ட பகுதி மக்கள் அமரும் கூடம். இரு கைகள் பக்கச் சிற்றாலயங்கள். தலைப்பகுதி பீடம். நான்கும் கூடுமிடத்தில் ஐம்பது அடிக்கு மேற்பட்ட உயரத்தில் பெரிய குவிமாடம் எண்கோண அடித்தளத்தின் மேல் நிற்கிறது.

முகப்பின் இரு பக்கங்களிலும் இரு கோபுரங்கள். மேற்குக் கோபுரம் குவிமாடத்தோடு முழுமை பெற்று விளங்குகிறது. கிழக்குக் கோபுரமோ தலையில்லாமல் நின்றுவிட்டது. வேலை செய்யும்போது ஒருவர் விழுந்து இறந்ததால் நிறுத்திவிட்டார்கள் என்பர் சிலர். முடிவுறாத கட்டடத்துக்கு வரி இல்லை என்பதற்காக விட்டுவிட்டார்கள் என்பர் வேறு சிலர். இவை வந்து போவோருக்குச் சொல்லப்படும் சுவையான கதைகள். கடன் வாங்கித் தொடங்கிய வேலையில் கடைசியாகக் குறைபட்டது பணம் என்பதே அறிவுக்குப் பொருந்துவது.

வெண்சுவர்களுக்கு நடுவே வாயில் முகப்பு மட்டும் செம்மண் சாயலில் சிற்ப வேலைப்பாடு நிறைந்து காணப்படுகிறது. மேலே அகன்று கீழே குறுகும் விந்தையான தூண்கள், மாடங்களில் பெண் புனிதர்களின் உருவங்கள், புனித யாத்திரையின் அடையாளமான சிப்பி, பிரான்சிஸ்கன் சபையின் சின்னம் ஆகிய யாவும் செங்கல்லும் சுதையும் கொண்டு ஆக்கப்பட்டவை. முகப்பின் மேற்பகுதியில் ஒரு பக்கம் பூனையும் மறுபக்கம் எலியும் பதுங்கியிருக்கின்றன. பூனை எலியைப் பிடிக்கும் நாளில் உலகம் முடியும் என்பது அங்கு வழங்கும் பழங்கதை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எலி பிழைத்திருக்கிறது!

உள்ளே காணும் உலகம்

வெளியிலுள்ள வெறுமைக்கு நேர்மாறாக உள்ளே வண்ணங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பீடத்தின் பின்னே கூரை வரை உயர்ந்து நிற்கும் அலங்காரச் சுவரும் செங்கல்லும் சுதையுமே. மேலே பொன்னிலை ஒட்டப்பட்டுள்ளது. அதன் நடுவில் சவேரியார் சிலை; அதற்கு மேல் அமலோற்பவ மாதா; உச்சியில் பிதாவாகிய இறைவன். இருமருங்கும் இராயப்பரும் சின்னப்பரும் நிற்கின்றனர். மரச் சிலைகள் பல மெக்சிகோவின் பட்டறைகளிற் செதுக்கப்பட்டுக் கழுதைப் பொதியாகக் கொண்டுவரப்பட்டவை. கூடத்தின் ஒரு சுவரில் இயேசுவின் கடைசி இராப்போசன ஓவியம். எதிர்ச் சுவரில் பரிசுத்த ஆவி இறங்கிய நாளின் ஓவியம். சுவர் நெடுகப் பிரான்சிஸ்கன் துறவிகள் இடையில் கட்டும் முடிச்சுக் கயிறு சுதையாக ஓடுகிறது.

இக்கோயிலில் ஏழ்மையும் கற்பனையும் கைகோத்து நிற்பதைக் கூர்ந்து நோக்குவோர் காண்பர். பளிங்குக் கல் வாங்க வழியில்லை. சுவரிலேயே பளிங்கின் வரிகளைத் தீட்டினர். ஓடு பதிக்க வழியில்லை, ஓடுகளை வரைந்தனர். திரைச்சீலைகளும் ஓவியமே. ஒரு பக்கம் உண்மையான கதவு இருந்தால், அதற்கு எதிரே சமநிலைக்காக ஒரு பொய்க் கதவை வண்ணத்தால் எழுதினர். இதனை ஏமாற்று என்று தள்ளிவிடக் கூடாது. இல்லாமையை மறைக்க அவர்கள் கைக்கொண்டது கைத்திறன் ஒன்றையே.

மேற்குப் பக்கச் சிற்றாலயத்தில் சவேரியார் படுத்த நிலையில் ஒரு மரச் சிலை உண்டு. கோவாவில் அவருடைய உடல் கிடத்தப்பட்டிருக்கும் நிலையை நினைவூட்டுவது இது. இச்சிலை முதலில் கல்லறையிற் கிடத்திய கிறிஸ்துவின் உருவமாக வேறொரு மிஷனில் இருந்து, பின்னர் இங்கு வந்து சவேரியாராக மாறியது. வருவோர் அதன் தலையைக் கையால் மெல்ல உயர்த்தி வணங்குகின்றனர். நோய் தீர வேண்டிக்கொண்டோர் கை, கால், கண் ஆகியவற்றின் சிறு உலோக உருவங்களைச் சிலையின் போர்வையிற் குத்தி வைக்கின்றனர். வேளாங்கண்ணியில் உறுப்புக் காணிக்கை செலுத்தும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

இன்னொரு செய்தியும் சுவையானது. இயேசு சபையாரின் பிரான்சிஸ் சவேரியாருக்குத் திருநாள் டிசம்பர் 3. பிரான்சிஸ்கன் சபையை நிறுவிய அசிசி பிரான்சிசுக்குத் திருநாள் அக்டோபர் 4. ஓதாம் மக்களோ அக்டோபர் 4-ஆம் நாளை ஒட்டி, கீனோ மறைந்த மக்தலேனா ஊருக்கு யாத்திரை சென்று, அங்குள்ள சவேரியார் சிலையை வணங்குகின்றனர். சபைகள் இரண்டு, புனிதர்கள் இருவர். மக்கள் உள்ளத்திலோ இருவரும் ஒருவராயினர். வந்த சமயத்தை அம்மக்கள் அப்படியே வாங்கிக்கொள்ளாமல் தமதாக்கிக்கொண்டனர் என்பதற்கு இது சான்று.

பாதிரிமார் இல்லாத காலம்

1821-இல் மெக்சிகோ விடுதலை பெற்றது. 1828-இல் ஸ்பெயினிற் பிறந்த துறவிகள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அதன்பின் பாதிரியார் வருகை அரிதாகி, 1837-க்குப் பின் இங்கு நிலையாகத் தங்கியவர் எவரும் இலர். 1854-இல் உறுதிசெய்யப்பட்ட உடன்படிக்கையின்படி இந்நிலப்பகுதியை அமெரிக்கா மெக்சிகோவிடமிருந்து விலைக்கு வாங்கியது. ஒரு தலைமுறைக் காலத்திற்குள் மூன்று கொடிகளைக் கண்டுவிட்டது இவ்வூர்.

1859-இல் மாஷ்பூஃப் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இங்கு வந்தபோது கோயில் பழுதுற்றிருந்தது; பறவைகள் உள்ளே கூடு கட்டியிருந்தன. ஆனால் கோயிலின் வெள்ளிப் பாத்திரங்களும் பூசைப் பொருள்களும் களவு போகவில்லை. ஊரார் அவற்றைத் தங்கள் வீடுகளில் ஒளித்து வைத்துக் காத்திருந்தனர். பாதிரியார் வந்ததும் கொண்டுவந்து ஒப்படைத்தனர். பூசைப் பாடல்களின் சில பகுதிகளையும் அவர்கள் மறக்காதிருந்தது கண்டு அவர் வியந்தார். ஏறத்தாழ ஒரு தலைமுறை மேய்ப்பனில்லாதிருந்த மந்தை இது. பொன் வெள்ளிக்கு விலை தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். அப்பாச்சித் தாக்குதலும் வறுமையும் அவர்களை நெருக்கிய காலம் அது. ஆயினும் ஒரு பாத்திரத்தையும் விற்கவில்லை. 'கட்டியவர் யார்' என்னும் வினாவைவிடக் 'காத்தவர் யார்' என்னும் வினா பெரிது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

1887-ஆம் ஆண்டு மே மாதம் சோனோராவில் உண்டான நிலநடுக்கம் கோயிலை உலுக்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரான்ஜோன் என்னும் மேற்றிராணியார் பெரும் பழுதுபார்ப்பு வேலைகளை நடத்தினார். 1913-இல் பிரான்சிஸ்கன் சபையார் மீண்டும் வந்தனர். 1960-இல் அமெரிக்க அரசு இதனைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

சிமெண்டு கற்பித்த பாடம்

நிலநடுக்கத்தையும் போரையும் தாங்கிய கோயில், நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஒரு காரியத்தால் ஊறு பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் வெளிச்சுவர்களிலும் கூரையிலும் சிமெண்டுக் கலவை பூசப்பட்டது. சிமெண்டு வலுவானது, மழை உள்ளே புகாது என்பது எண்ணம். நிகழ்ந்ததோ நேர்மாறு.

பழைய சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் உடையது. மழை பெய்தால் சிறிது ஈரத்தை உறிஞ்சும். வெயில் அடித்தால் அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தர்கள் கூறுவது இதனையே. சிமெண்டுப் பூச்சோ இறுகி நிற்பது. பாலைவனத்தின் கடும் வெப்பத்திலும் இரவுக் குளிரிலும் விரிந்து சுருங்கி, மயிரிழை போன்ற வெடிப்புகள் உண்டாகும். அவ்வெடிப்புகள் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றிச் சுவருக்குள் சிறைப்படும். அந்த ஈரம் செங்கல்லை மாவாக்கியது. உப்பைக் கரைத்து உட்புறம் தள்ளி, ஓவியங்களின் பூச்சை உதிர்த்தது. வெளியே பார்ப்பதற்கு உறுதியாகவும் வெண்மையாகவும் தோன்றிய சுவர் உள்ளே உளுத்துக்கொண்டிருந்தது.

கோயிலைக் காக்க 1978-இல் அமைந்த அறக்கட்டளை, 1980-களின் இறுதியில் இதற்கு மாற்றுத் தேடியது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுப் பழைய முறைக்கே திரும்பினர். சப்பாத்திக் கள்ளியின் மடல்களை நறுக்கி நீரில் வேகவைத்தால் கொழகொழப்பான சாறு வடியும். அச்சாற்றைச் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த சாந்திற் கலந்தனர். இச்சாறு சாந்து விரைவில் உலர்ந்து வெடிக்காமல் தடுக்கிறது. ஒட்டும் தன்மையைக் கூட்டுகிறது. நீரை ஓரளவு விலக்குகிறது. அதே வேளையில் சுவர் மூச்சு விடுவதையும் தடுப்பதில்லை. வேலிக்கு அப்பால் முளைத்துக் கிடந்த செடியில் மருந்து இருந்தது!

சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து அரைத்த நம் முன்னோர்க்கு இது வியப்பளிக்காது. சிங்கப்பூரில் 1856-க்கும் 1861-க்கும் இடையே இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களுக்கும், கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் கலந்த 'சென்னைச் சுண்ணம்' பூசப்பட்டது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. ஒருவரையொருவர் அறியாத மக்கள், தத்தம் மண்ணில் கிடைத்த பொருள்களைக் கொண்டு ஒரே உண்மையைக் கண்டறிந்துள்ளனர்.

1992 முதல் 1997 வரை உட்புறத்து ஓவியங்களும் சிலைகளும் தூய்மை செய்யப்பட்டன. பால் ஷ்வார்ட்ஸ்பாம் என்னும் வல்லுநரின் தலைமையில் ஐரோப்பாவிலிருந்தும் கலைக் காப்பாளர்கள் வந்தனர். இருநூறு ஆண்டு மெழுகுவர்த்திப் புகையையும் புழுதியையும் நீக்கியபோது, மங்கிக் கிடந்த சிவப்பும் நீலமும் மீண்டும் ஒளிவிட்டன. வெளிநாட்டு வல்லுநர்கள் தாம் மட்டும் வேலை செய்து திரும்பிவிடவில்லை. ஊரிலுள்ள ஓதாம் இளைஞர் சிலரைப் பக்கத்தில் வைத்துத் தொழிலைக் கற்பித்தனர். தம் முன்னோர் சுமந்த செங்கல்லின் மேல் தீட்டிய ஓவியங்களைப் பெயரர்களின் கைகள் துடைத்துக் காத்தன.

ஆறு எங்கே?

கோயில் பிழைத்தது. ஆனால் அதனை எழுப்பிய கோதுமைக்கு நீர் தந்த ஆறு என்னாயிற்று? இருபதாம் நூற்றாண்டில் டூசான் நகரம் பெருகியது; நகருக்கும் சுரங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் ஆழ்கிணறுகள் நிலத்தடி நீரை இறைத்தன. சாந்தா குரூஸ் ஆற்றில் பாக் அருகே ஓடிய நீர் வற்றியது. கரையிலிருந்த மெஸ்கீட் காடும் பட்டுப்போயிற்று. நீரால் பெயர் பெற்ற ஊர் நீரை இழந்தது. 1874 முதல் தமக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் வாழ்ந்துவந்த ஓதாம் மக்கள் சார்பில் 1975-இல் நீருரிமை வழக்குத் தொடுக்கப்பட்டது. அதன் விளைவாக 1982-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. 2004-இல் மற்றொரு சட்டம் அதனைத் திருத்தி முழுமைப்படுத்தியது. தொலைவிலுள்ள கொலராடோ ஆற்று நீர் கால்வாய் வழியாக இவ்வூர் வயல்களுக்கு வரலாயிற்று. முன்னர் ஸ்பானியர் வழங்கிய 'பாப்பகோ' என்னும் பெயரை நீக்கி, 'பாலைவன மக்கள்' எனப் பொருள்படும் 'தொஹோனோ ஓதாம்' என்னும் தம் சொந்தப் பெயரையே 1986-இல் அவர்கள் முறையான பெயராக்கிக்கொண்டனர்.

பழங்கட்டடங்களைக் காக்க வேண்டும் என்னும் பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. சுவரை மட்டும் காத்தால் போதாது என்பதே பாக் கோயிலின் வரலாறு கூறும் செய்தி. சுவருக்கு ஏற்ற சாந்து எது என்று அறிந்த கைகள் வேண்டும். அக்கைகளுக்கு உரிய மக்கள் அவ்வூரிலேயே வாழ வேண்டும். அவர்கள் வாழ நிலமும் நீரும் வேண்டும். இவற்றுள் ஒன்று அற்றாலும், எஞ்சுவது காட்சிப் பொருளே அன்றிக் கோயில் அன்று. மன்னர்களும் சபைகளும் கொடிகளும் வந்து சென்றுவிட்டன. ஞாயிறு காலையில் மணி ஒலிக்கும்போது அவ்வாயிலில் நுழைவோர், தங்கள் வீடுகளில் பூசைப் பாத்திரங்களை ஒளித்து வைத்துக் காத்த அந்தக் குடிகளின் மக்களே.